வேப்பிலைக்கு வெளியே

அத்தியாயம் 9

போன வாரம் தணிகைவேலைச் செங்கல்பட்டில் ஒரு பூட்டிய சலவைக் கடை வாசலில் நிறுத்திவிட்டு வந்தோம். பாவம், அவன் இன்னும் அங்கேதான் நிற்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை. ஆடி மாதத்து வெயில் காலையிலேயே சுள்ளென்று அடிக்கிறது. பூட்டிய கதவுக்குப் பின்னால் இருப்பதாக அவன் நம்புவது ஒரு கம்பளிக் கோட்டு. இந்த வெயிலில் கம்பளிக் கோட்டைத் தேடி ஒருவன் தவிக்கிறான் என்றால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். புதன்கிழமை மீனம்பாக்கத்தில் விமானம் ஏறி நார்வே தேசத்துப் பெர்கன் நகரத்துக்குப் போகிறவனுக்குச் சிரிப்பு வராது.

இந்த வாரம்தான் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்காக நாலு வார்த்தை.

தணிகைவேல் மகாபலிபுரத்துக்குத் தெற்கே, சின்னமேட்டுக் குப்பத்துக்காரன். கடலில் போகிற குடும்பத்தில் முதல் ஆளாகப் பள்ளி இறுதித் தேர்வு தேறியவன். பதினோரு வருஷத்துக்கு முன் மீன்பிடிப் படிப்புக்காகப் பெர்கனுக்குக் கப்பல் ஏறினான். அவன் கிளம்பிய சமயம் குப்பத்தில் அம்மனுக்குக் காப்புக் கட்டியிருந்தார்கள். காப்புக் கட்டும்போது ஊருக்குள் இருந்தவர்கள், கொடி இறங்கும் வரைக்கும் எல்லைக்கு வெளியே இரவு தங்கக் கூடாது என்பது ஊர்க்கட்டு. படித்த திமிரில் தணிகைவேல் தாண்டிப் போனான். அடுத்த மாசியில் அவன் அண்ணன் மூர்த்தி கட்டுமரத்தோடு போனவன், திரும்பவில்லை.

இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நீங்களும் நானும் கேட்கலாம். அவன் தாய் சம்பூர்ணத்திடம் யாரும் கேட்டதில்லை.

படிப்பைப் பாதியில் போட்டுவிட்டு ஓடி வந்தான். அண்ணி ரத்னாவையும் அவள் ஒரே பிள்ளையையும் தன் தலையில் தாங்கினான். வச்சலாவைக் கட்டிக்கொண்டான். மீன் இலாகா ஆபீசில் ஒரு உத்தியோகமும் கிடைத்தது. ஆனால் அவனுக்குப் பின்னால் வந்த பொடியன்கள் எல்லாம் அதிகாரியாகி ஜீப்பில் போகிறார்கள். இவன் பெயருக்கு நேரே மட்டும் 'பயிற்சி முடிக்கவில்லை' என்பது நந்தி மாதிரி குறுக்கே படுத்திருக்கிறது.

இப்போது அதே பெர்கன் பள்ளி, விட்டதை முடித்துவிட்டுப் போ என்று ஆறு மாதத்துக்குக் கூப்பிட்டிருக்கிறது. இந்த வருஷம் விட்டால் வயது கடந்துவிடும். சம்பூர்ணம் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. "காப்பு கட்றதுக்கு முன்னாடி பெட்டியோட எல்லையத் தாண்டிடு. அப்பால நீ எங்கனா போ."

காப்பு இன்று மாலை ஐந்து மணிக்கு. தணிகைவேல் போட்ட கணக்கு இது: மதியம் ஒரு மணிக்குக் கோட்டோடு வீடு, சாப்பாடு, நாலு மணிக்குள் பெட்டியும் வச்சலாவுமாகக் கிளம்பி, ஊரப்பாக்கத்தில் வச்சலாவின் அக்கா வீட்டில் புதன்கிழமை வரை தங்கல்.

கணக்கு நன்றாகத்தான் இருந்தது. காலையில் வச்சலாவோடு சண்டை போடாமல் கிளம்பியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

"ஒரு மணிக்கு வந்து, துன்னு, திரும்ப ஓடணுமா? நான் பெட்டிய மாபலிபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு எட்தாந்துட்றேன். நீ நேரா அங்க வந்துடு" என்றாள் வச்சலா. நியாயமான பேச்சு.

ஆனால் முந்தின நாள் பெட்டியைத் திறந்தபோது சட்டைகளுக்கு நடுவில் நெத்திலிக் கருவாடு ஒரு பொட்டலம் இருந்தது. அந்தக் கோபம் ஆறவில்லை.

"நீ பெட்டியத் தொடவே கூடாது! மீனையே தின்னு மீனையே வித்து வாழுற ஊருக்குக் கருவாடா கட்டி அனுப்புவாங்க? பெர்கன்ல இந்த நாத்தத்துக்கு என்னை வந்த ஏரோப்பிளேன்லயே திருப்பி ஏத்திடுவான்."

"சரிப்பா. தொடல" என்றாள் வச்சலா. அவள் அப்படிச் சுருக்கமாகச் சொன்னால் ஆபத்து என்று இத்தனை வருஷத்தில் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

* * *

"சாலமோனா? கோயில்ல கீறான் சார்" என்றான் எதிர் டீக்கடைக்காரன். "இன்னிக்கு அவன் அக்கா மவன் ஜோடி வருது. முடிய நேரமாவும்."

தணிகைவேல் வேதக் கோயிலுக்கு நடந்தான். ஆராதனை நடந்துகொண்டிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுக் கடைசி வரிசைக்குப் பின்னால் போய் நின்றான். சலவைக் கடைக்காரர் சாலமோன் எங்கே என்று வரிசை வரிசையாகத் தேடினான். சாலமோன் கிடைக்கவில்லை. கோட்டு கிடைத்தது.

முன் வரிசையில், புது மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு மாப்பிள்ளையின் முதுகில் அது இருந்தது.

சந்தேகமே இல்லை. கருநீலக் கம்பளி. இடது முழங்கையில் சாம்பல் நிற ஒட்டு. பெர்கனில் குடியிருந்த வீட்டுக்கார அம்மாள், மழை நாள் ஒன்றில் அடுப்பு ஓரமாக உட்கார்ந்து தைத்துக் கொடுத்தது. அங்கே மழை நாள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, எல்லாம் மழை நாள்தான். அந்த ஒட்டை அவன் கனவிலும் அடையாளம் சொல்லுவான்.

அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாப்பிள்ளை எழுந்தான். பீடத்துக்கு முன்னால் போய் மண்டியிட்டான். பதினோரு வருஷமாக நாப்தலின் உருண்டையோடு பெட்டிக்குள் கிடந்த கோட்டு, உடையவனை ஒரு வார்த்தை கேட்காமல் ராப்போஜன அப்பம் வாங்கிக்கொண்டு திரும்பியது.

தணிகைவேலுக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. கோயிலாக இருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

ஜெபம் முடிந்து கூட்டம் வெளியே வந்ததும் சாலமோன் தானாகவே ஓடி வந்தார். ஓடி வந்தது வரவேற்க இல்லை, வாயை அடைக்க.

"சார், சார்... சத்தம் போடாதீங்க சார். நம்ம வரதன், அக்கா மவன். வெள்ளிக்கிழம கல்யாணம் ஆச்சு. மொத ஞாயிறு ஜோடியா கோயிலுக்கு வரணும்ல? பொண்ணு வூட்ல பெரிய எடம். பையன்கிட்ட நல்ல துணி இல்ல. நீங்க நாயித்துக்கெழமயா வந்து கேப்பீங்கன்னு நான் இன்னா கண்டேன்?"

"சனிக்கிழமை தர்றேன்னு சொன்னது யாருய்யா?"

"நான்தான் சார். யாரு இல்லன்னது?"

"கழட்டச் சொல்லு. நான் பன்னண்டு மணி பஸ்ஸப் புடிக்கணும்."

சாலமோன் அந்தப் பக்கம் கண்ணைக் காட்டினார். வரதன் வேர்த்து விறுவிறுத்து, காலர் நனைந்து, ஊரார் கையையெல்லாம் குலுக்கிக்கொண்டு நின்றான். பக்கத்தில் அந்தப் பெண். கோட்டின் தோளில் ஒட்டியிருந்த ஒரு பூ இதழை இரண்டு விரலால் எடுத்தாள். எடுத்த பிறகும் அந்த இடத்தை ஒரு தடவை தடவி விட்டாள். என் புருஷனுக்கு எவ்வளவு நன்றாக இருக்கிறது பார்த்தீர்களா என்று ஊரைப் பார்த்தாள்.

அந்தப் பெண்ணுக்கு முன்னால் எப்படிக் கழற்றச் சொல்வது?

"போட்டோ ஒண்ணு சார்" என்றார் சாலமோன், அவன் முகம் இளகுவதைப் பார்த்து. "பக்கத்துத் தெரு ஸ்டுடியோதான். ஒரே ஒரு போட்டோ. அப்பால நானே உருவிக் குடுத்துட்றேன்."

தணிகைவேல் சரி என்று தலையாட்டிவிட்டான். ஆட்டிய மறுநிமிஷமே தன்னைத் தானே திட்டிக்கொண்டான். இதுதான் அவன் சாபம். உலகத்தின் மேல் கோபமாகவே இருப்பான், எவர் மேலும் கடைசி வரை கோபப்படத் தெரியாது.

ஒரே ஒரு போட்டோ மூன்றாயிற்று. ஸ்டுடியோக்காரர் நாற்காலியை மாற்றினார், திரையை மாற்றினார், மாப்பிள்ளையைச் சிரிக்கச் சொன்னார், சிரித்த பிறகு சிரிக்க வேண்டாம் என்றார். கோட்டு கைக்கு வந்தபோது ஈரமாக, இன்னொருவன் வேர்வை வாசனையோடு இருந்தது. பன்னிரண்டு மணி பஸ் போய்விட்டது.

* * *

அடுத்த பஸ் திருக்கழுக்குன்றம் வரைக்கும் ஒழுங்காகத்தான் போயிற்று. அங்கே கோயில் பக்கத்தில் நின்றது. நின்றது நின்றதுதான்.

"ஏம்பா, எடுக்க மாட்டியா?"

"மலைக் கூட்டம் எறங்கட்டும் சார். கழுகு பாத்துட்டு ஜனங்க வருது. காலி வண்டிய ஓட்டிகினு போய் நான் இன்னா பண்றது?" என்றார் கண்டக்டர். சொல்லிவிட்டு நிழலில் போய் வெற்றிலை போட உட்கார்ந்தார்.

வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியது. மடியில் கம்பளிக் கோட்டு ஒரு குழந்தையைப் போலச் சூடாக உட்கார்ந்திருந்தது. கல்பாக்கத்து ஸ்டாஃப் பஸ் ஒன்று பின்னால் வந்தது. உள்ளே நாலே பேர். தணிகைவேல் இறங்கி ஓடிக் கையைக் காட்டினான். டிரைவர் அவனைப் பார்த்துச் சிநேகமாகத் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

பெர்கனில் பஸ் நிமிஷக் கணக்காக வரும் என்று அவன் மனசு சொல்ல ஆரம்பித்தது. இந்தச் சமயம் வச்சலா பக்கத்தில் இருந்திருந்தால் காதைப் பொத்திக்கொண்டிருப்பாள். கல்யாணமான நாளாக அவள் கேட்கும் பாட்டு இது. குழம்பில் புளி அதிகமானால், பெர்கனில் மீனை வெறும் வெண்ணெயில் போட்டே தின்பான். மழை பெய்யாவிட்டால் பெர்கன். பெய்தாலும் பெர்கன்.

கண்டக்டருக்கு ஒருவழியாக வெற்றிலை முடிந்தது, மலையிலிருந்து கூட்டமும் இறங்கியது. மகாபலிபுரத்தில் அவன் இறங்கியபோது மூன்று மணி தாண்டிவிட்டது. பரவாயில்லை, ஐந்துக்குத்தானே காப்பு, ஓடிப்போய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று சவுக்குத் தோப்பு மணலில் ஓட்டமும் நடையுமாகப் போனான்.

பாதித் தோப்பில் பம்பைச் சத்தம் கேட்டது. இப்போதே ஒத்திகை பார்க்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். மனுஷன் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் சமாதானத்துக்கு அளவே கிடையாது.

தோப்பு முடியும் இடத்தில், இரண்டு பனை மரங்களுக்கு நடுவே, பாதையின் குறுக்கே வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தது. கீழே மணலில் மஞ்சள் தண்ணீர் தெளித்த ஈரம். தோரணத்துக்கு உள்ளே சடையன் உட்கார்ந்திருந்தார். ஊர்த் தலைவர் நாட்டாரின் சேதியை வீடு வீடாகச் சொல்லுகிற ஆள் அவர்தான். திருவிழா முடியும்வரை எல்லைக் காவலும் அவருடையது.

"யாரு, தணிகையா? அங்கியே நில்லு நைனா."

"இன்னா மாமா, அதுக்குள்ள தோரணம்?"

"காப்பு கட்டியாச்சு."

தணிகைவேல் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். தட்டியும் பார்த்தான். "அஞ்சு மணிதானே சொன்னீங்க!"

"எப்பவும் செவ்வாக்கெழம கட்டுவோம், அஞ்சு மணி சரி. இந்தத் தபா நாட்டார் வூட்ல சாவு வுழுந்து, தீட்டு கழிச்சு நாயித்துக்கெழமைக்குத் தள்ளிட்டாங்க. கெழமைய மாத்துனவங்க நேரத்த மாத்தல. நாயித்துக்கெழம அஞ்சு மணின்னா இன்னா?"

தணிகைவேல் நெற்றியில் கையை வைத்துக்கொண்டான். "ராகு காலம்."

"ஆங். ஊரே மறந்துகினு கீது. மதியானம்தான் நாட்டாருக்கு ஞாபகம் வந்திச்சு. ஆறு மணிக்கு மேல பூசாரிக்கு அடுத்த குப்பத்துல வேல. ராகு காலத்துக்கு முன்னாடி முடிச்சுடுன்னு உடனே தப்பு மோளம் அடிக்க வச்சு, மூணு மணிக்குக் கட்டிட்டாங்க."

கடலின் ஆழத்தை அளக்கும் கருவியைப் பெர்கனில் படித்தவன், ஞாயிற்றுக்கிழமை ராகு காலத்தைக் கோட்டை விட்டுவிட்டான். இதை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது?

"கட்டும்போது நீ வெளிய இருந்தே. உனக்குக் கட்டு இல்ல" என்றார் சடையன், ஆறுதலாக. "நீ தாராளமா போலாம்."

"என் பெட்டி?"

"அது எப்டி? காப்பு கட்ன அப்பால வூட்டுச் சாமான் ஒரு துரும்பு எல்லையத் தாண்டக் கூடாது. நெருப்பு, உப்பு, ஒலக்க, எதுவும். அது உனக்கே தெரியும்."

"அதுல என் பாஸ்போர்ட்டு கீது மாமா! டிக்கெட்டு கீது!"

"இருக்கட்டுமே. அதுவும் சாமான்தானே?"

தணிகைவேல் தோரணத்துக்கு ஒரு அடி முன்னால் போய் நின்றான். பதினோரு வருஷத்துக்கு முன் இதே இடத்தில், இதே மாதிரித் தோரணத்துக்குக் கீழே குனிந்து வெளியே போயிருக்கிறான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இன்று உள்ளே போய்ப் பெட்டியை எடுத்து வர எவ்வளவு நேரம் ஆகும்? சடையன் தடுக்கமாட்டார், வயசான மனுஷர். ஆனால் கால் எழவில்லை. மூர்த்தி அண்ணனின் பெயர் சொல்லி அம்மா மணலில் விழுந்து புரண்ட அந்த விடியற்காலையை அவன் கண்ணால் பார்க்கவில்லை. கேட்டுத்தான் தெரியும். கேட்டதே போதும்.

அப்புறம் வெடித்தான்.

கோட்டை மணலில் வீசினான். நாட்டாரைத் திட்டினான், பூசாரியைத் திட்டினான், சாலமோனைத் திட்டினான், கழுகையும் விடவில்லை. "இன்னா ஊருய்யா இது! பதினோரு வருசமா ஒரு மனுசன் பாதிப் படிப்போட நாயா அலையறான். அத்த முடிக்கலாம்னு போனா, கோட்டு ஒருத்தன் முதுகுல, பஸ்ஸு மலையடிவாரத்துல, பெட்டி வேப்பிலைக்குப் பின்னால! நான் இன்னா கொலையா பண்ணேன்?"

கடைசி வார்த்தையைச் சொன்னதும் அவனே குனிந்து கோட்டை எடுத்து மணலைத் தட்டினான்.

"ஆச்சா?"

தோரணத்துக்கு அந்தப் பக்கம் வச்சலா நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. தலை குளித்த ஈரம், மஞ்சள் புடவை.

"ஆச்சுன்னா பின்னால திரும்பிப் பாரு" என்றாள்.

திரும்பினான். அவன் ஓடி வந்த பாதைக்குச் சற்று விலகி, ஒரு சவுக்கு மரத்தடியில், அவனுடைய பச்சைத் தகரப் பெட்டி. பெட்டியின் மேல் அண்ணி ரத்னா உட்கார்ந்திருந்தாள். இவ்வளவு நேரமும் அங்கேதான் இருந்திருக்கிறாள்.

தணிகைவேல் சடையனைப் பார்த்தான்.

"என்னைப் பாத்தா?" என்றார் சடையன். "காப்பு கட்ன அப்பால பெட்டி வெளிய வருமான்னு கேட்டே, வராதுன்னேன். பெட்டி எங்க கீதுன்னு நீ கேக்கவே இல்லியே."

"தப்பு அடிச்ச ஒடனே தூக்கிகினு வந்துட்டேன்" என்றாள் வச்சலா. "தொடக் கூடாதுன்னு சொல்லியிருந்தே. தொட்டுட்டேன். கோச்சுக்க."

அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. சிரிப்பே ஜெயித்தது. "அப்போ இன்னா, வா! சாயந்திர பஸ்ஸப் புடிச்சா விளக்கு வைக்கற நேரத்துல ஊரப்பாக்கம் போய்டலாம். உங்கக்கா சோறாக்கி வச்சிருப்பா."

வச்சலா வலது கையைத் தூக்கிக் காட்டினாள். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. அதில் ஒரு விரலி மஞ்சள், ஒரு வேப்பிலைக் கொத்து.

"நான் உள்ள கீறேன்" என்றாள்.

"பெட்டியோட வெளிய வந்தே இல்ல? அப்படியே நிக்கறதுக்கு இன்னா?"

"வந்தேன். வெச்சுட்டுத் திரும்பப் போனேன்."

"ஏண்டி? உன்னை மீனம்பாக்கத்துக்கு இட்டுகினு போய் ஏரோப்பிளேன் காட்றேன்னு சொன்னேனே! ஒரு மாசமா அத்தத்தானே பேசிகினு இருந்தோம்!"

"போன தபா நீ போனப்போ நம்ம வூட்டு சார்பா யாரும் கையில கட்டிக்கல. அத்தத்தான் ஊரு இன்னி வரைக்கும் சொல்லிகினு கீது. இந்தத் தபா நான் கட்டிகினேன். கொடி எறங்குற வரைக்கும் ஒரு வேள சோறு, பாயில படுக்க மாட்டேன். எவன் வாயும் தொறக்காது."

"யார் கேட்டா உன்னை? அம்மாவா?"

"அத்தை ஒண்ணியும் சொல்லல. கோயில்ல உக்காந்துகினு கீறாங்க. நீ போறத பாக்க மாட்டாங்களாம். சோத்து மூட்ட மட்டும் கட்டி, தப்புச் சத்தம் முடியறதுக்குள்ள எடுத்துகினு போன்னு என் கையில குடுத்தாங்க. பெட்டி மேல கீது பாரு."

அவன் தோரணத்துக்கு மிக அருகில் வந்துவிட்டான். வேப்பிலை நெற்றியில் இடித்தது. கையை நீட்டினால் அவளைத் தொடலாம். சடையன் நாகரிகமாகக் கடலைப் பார்த்துக்கொண்டார்.

"வச்சலா, உன்னை இப்படி விட்டுட்டு நான் எப்படிப் போறது?"

வச்சலாவுக்கு அப்போதுதான் கோபம் வந்தது. வராமலிருந்தால்தான் அதிசயம். அவளுடைய கோபமும் இத்தனை வருஷம் பெட்டிக்குள் நாப்தலின் போட்டு வைத்தது.

"நீ எப்போ இங்க இருந்தே, வுட்டுட்டுப் போறதுக்கு? பெர்கன்ல மழ, பெர்கன்ல மீனு, பெர்கன்ல பஸ்ஸு. உடம்பு இங்க சோறு துன்னுது, ஆளு அங்க குடித்தனம் பண்றான். பாதில வந்தவனோட நான் பேஜாரு புடிச்சுப் போயிட்டேன். போ. போயி முடி. முடிச்சுட்டு முழுசா வா."

தணிகைவேல் கடைசியில் கேட்டது இதுதான்:

"கருவாடு எடுத்துட்டியா?"

"இல்ல. இன்னும் ரெண்டு பொட்டலம் வெச்சேன்."

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். பத்தடி போனதும் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

* * *

பெட்டி கனம். ஒரு பக்கக் கைப்பிடியை ரத்னாவும் இன்னொரு பக்கத்தைத் தணிகைவேலும் பிடித்துக்கொண்டு தோப்பைத் தாண்டி நடந்தார்கள். காப்புக்கு முன்னாலேயே எல்லைக்கு வெளியே வந்துவிட்டதால் ரத்னாவுக்கும் கட்டு இல்லை. ரத்னா எப்போதுமே அதிகம் பேசுகிறவள் இல்லை. மூர்த்தி போன பிறகு இன்னும் குறைந்துவிட்டது.

பஸ் ஸ்டாண்டில் பெட்டியை இறக்கி வைத்தார்கள். பஸ் தூரத்தில் திரும்புவது தெரிந்தது.

"ரொம்ப உபகாரம் அண்ணி" என்றான் தணிகைவேல். "நீங்க பெட்டியக் காவக் காக்கலன்னா..."

"ராகு காலத்த நாட்டாருக்கு ஞாபகப்படுத்துனது நான்தான் தம்பி."

அவனுக்கு முதலில் விளங்கவில்லை.

"ஒரு மணிக்கு வர்றேன்னு போனே. வரல. ஒன்றரை ஆச்சு, ரெண்டு ஆச்சு. நீ வர்றதுக்குள்ள காப்பு கட்டிட்டா பெட்டி உள்ளயே நின்னுடும், நீயும் நின்னுடுவேன்னு தோணிச்சு. நேரா நாட்டார் வூட்டுக்குப் போய்ச் சொல்லிட்டேன்."

சொல்லும்போது அவள் அழவில்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது.

"வச்சலாவுக்குத் தெரியுமா?"

"நான் நாட்டார் வூட்டுப் படி எறங்குறேன், தப்புச் சத்தம் கேக்குது, அவ பெட்டியத் தலைமேல வெச்சுகினு எதிர்ல ஓடியாறா. என்னைப் பாத்தா. நாட்டார் வூட்டையும் பாத்தா. ஒரு வார்த்த கேக்கல. 'கனமா கீதுக்கா, அந்தப் பக்கம் புடி'ன்னா. புடிச்சேன்."

பஸ் வந்து நின்றது. புழுதி அடங்க நேரமாயிற்று.

"ஏன் அண்ணி? இத்தன வருசம் உங்களுக்கு நான் இன்னா கொற வெச்சேன்?"

"ஒரு கொறயும் இல்ல. அதனாலதான்." ரத்னா அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். "எம்மவன் படிப்ப வுட்டுட்டான் தம்பி. உனக்குப் பயந்துகினு சொல்லாம வெச்சிருக்கான். கொடி எறங்குன மறுநாளு கட்டுமரம் ஏர்றேன்னு நிக்கறான். நீ இருந்தா அடங்குவான். நீ இல்லாத வூட்ல அவன் எவன் பேச்சக் கேப்பான்? அவங்க அப்பன் போனப்பவும் நீ பெர்கன்லதான் இருந்தே."

"ஏறுறீங்களா, இல்ல வண்டிய எடுக்கவா?" என்றார் கண்டக்டர்.

ரத்னா குனிந்து தன் பக்கத்துக் கைப்பிடியைத் தூக்கிப் பஸ் படியில் வைத்துவிட்டாள். அவன் பக்கம் இன்னும் தரையில்தான் இருந்தது.